ஐம்பத்தொன்பது கட்டைகள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புதிதாக வாங்கிய பலகை விளையாட்டின் மரக்கட்டைகளை எண்ணியது. ஐந்து நிறம், நிறத்துக்குப் பன்னிரண்டு. பச்சையில் பதினொன்றுதான் இருந்தது.

"ஒண்ணுதானேம்மா, ஒரு சட்டைப் பொத்தானை வச்சு ஆடலாம்."

"பொத்தான் வச்சு ஆடறதுக்கு எதுக்குடி புது டப்பா? நீயெல்லாம் என்ன இன்ஜினியரோ!"

அம்மா முப்பத்தொரு வருடம் பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எண்ணிப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பலகை விளையாட்டுகள் வாங்க ஆரம்பித்தார். முதல் ஆட்டம் முடிந்தவுடன் மூடியின் உட்புறத்தில் தன் அபிப்பிராயத்தைப் பென்சிலால் எழுதிவிடுவார். 'பெட்டி பெரிது, சரக்கு கொஞ்சம்.' 'விதிகளைப் படித்து முடிப்பதற்குள் பசி வந்துவிட்டது.' 'மகள் தோற்றாள். நல்ல விளையாட்டு.' அலமாரியில் உள்ள இருபத்திரண்டு மூடிகளிலும் இப்படி ஒரு வரி உண்டு.

இந்த மூடியில், வாங்கிய தேதிக்குக் கீழே 'பச்சை ஒன்று குறைவு' என்று மட்டும் இருக்கிறது.

"திங்கக்கிழமை கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் கை வைக்காதே" என்றார். ஞாயிறு காலை மாரடைப்பில் போய்விட்டார்.

பதினேழு நாள் ஆகிறது. பெட்டி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நான் மறுமுனையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த விளையாட்டு நன்றாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கடைக்கு எடுத்துப்போக அம்மா மாட்டி வைத்த பை கதவுக் கொக்கியில் தொங்குகிறது. அதற்குள் ரசீது இருக்கிறது. நிறம் மாறிவிடக் கூடாதென்று, மாதிரிக்கு ஒரு பச்சைக் கட்டையும் இருக்கிறது.