பிலிமத்தலாவை வென்ற விண்வெளிப் போர்

பழைய விண்வெளிப்போர் நாவல்களைக் குப்பை என்று இந்தச் சஞ்சிகையில் புனைபெயரில் எழுதிய விமர்சகரே, நீங்கள் அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. படித்ததாகப் பொய் எழுதியிருக்கிறீர்கள். ஊரளவு கப்பல், உதிரும் பேரரசு, எங்கோ ஒரு மூலையிலிருந்து கிளம்பும் கலகக்காரர். நீங்கள் புகழ்கிற இன்றைய அறிவியல் புனைகதைக்காரர்கள் இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார்கள்? அந்தக் குப்பையிலிருந்துதான்.

எனக்கு அவற்றைத் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கண்டியில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்களைத் தேடி வாங்கி வந்து, பின்னேரங்களில் எனக்குத் தமிழில் சொல்லுவார். நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாண்டிப் படை போகும். நான் வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்திருப்பேன். பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அந்தப் பிரமாண்டத்தை எவரும் மிஞ்சவில்லை.

கிரகங்களின் ஆங்கிலப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் மாமா எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தார். பேரரசரின் தலைநகர் பேராதனை. கலகக்காரரின் தளம் பிலிமத்தலாவை. எரிபொருள் கிடங்கு கலகெதர. சுவரில் கீறினால் அம்மா ஏசுவார் என்று அலுமாரிக் கதவின் உட்புறத்தில் சோக்கால் வரைபடம் கீறினோம். எந்தப் படை எங்கே பாயும் என்று அம்புக்குறி போட்டவள் நான்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் இராணுவம் வீடு வீடாகச் சோதித்தது. அலுமாரியைத் திறந்த அதிகாரிக்குத் தமிழ்ப் பேச்சு விளங்காது, எழுத்தை மட்டும் கூட்டி வாசிப்பார். பேராதனை என்று வாசித்தார். அம்புக்குறியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மாமாவின் கைகளைப் பின்னால் கட்டச் சொன்னார். அப்படிக் கொண்டுபோன பெடியன்கள் பலர் திரும்பி வராத காலம் அது.

மாமா சிங்களத்தில் கதையைச் சொல்லத் தொடங்கினார். அம்மா நாவலை எடுத்துவந்து நீட்டினார். அட்டையில் விண்கப்பல் ஒன்று தீ கக்கியது. அதிகாரி நம்பவில்லை, ஆனால் கேட்டார். கேட்கக் கேட்கக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துவக்கோடு வாசலில் காவல் நின்ற சிப்பாயும் உள்ளே வந்துவிட்டான். அந்த நாவலின் பலம் அப்படி. கடைசியில் யார் வென்றது என்று அதிகாரி கேட்டார்.

பேரரசர்தான் என்றார் மாமா. கலகக்காரர் எல்லோரும் சரணடைந்துவிட்டார்களாம்.

எனக்குச் சிங்களம் விளங்கும். தாங்க முடியாமல் தமிழில் கத்திவிட்டேன்.

“மாமா பொய் சொல்லுறார். பிலிமத்தலாவைதான் வெண்டது.”

ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அதிகாரி திரும்பினார். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அம்மா என் முதுகில் நறுக்கென்று கிள்ளி, பிலிமத்தலாவைக் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிக்கிறாள் என்று தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார். இன்றைக்குப் பாதை சரியில்லை, அடுத்த கிழமை கூட்டிப்போ என்றார் அதிகாரி. வரைபடத்தை அழிக்கச் சொன்னார். மாமாவின் கட்டு அவிழ்ந்தது.

அவர்கள் போனதும் மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நீங்கள் கதையை மாத்திப்போட்டியள். இனி உங்களோட கதைக்கமாட்டன்.”

“ஓம் பிள்ளை, மாத்தினனான்தான்.”

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மாமா அதைத் தொடாமல் ஈரத்துணியை எடுத்து அலுமாரிக் கதவில் பிலிமத்தலாவையை அழித்தார். என்மேல் உள்ள கோபத்தில்தான் அழிக்கிறார் என்று நினைத்தேன்.

விமர்சகரே, வெறும் பொழுதுபோக்கு என்று எழுதினீர்கள். முடிவை மாற்றிச் சொன்னால்தான் ஒருவன் உயிரோடு வீட்டில் இருக்கலாம் என்றால், அது எப்படி வெறும் பொழுதுபோக்கு? அதே சஞ்சிகையில், உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.