என் வீட்டு விசாரணை

என் கணவருக்குப் பணி நிறைவு விழாவை இரண்டு நாள் முன்னதாகவே நடத்திவிட்டார்கள். அவர் ஓய்வு பெறும் மாதக் கடைசி நாள் பௌர்ணமியாகப் போய்விட்டது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்தில் ஆள் இருக்காது. பாதிப் பேருக்குக் கிரிவலப் பாதையில் டூட்டி. அதனால் மாலை, சால்வை, சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே முடிந்தன. நான்கூட மைக்கைப் பிடித்து, இத்தனை வருடத்தில் அவர் ஒரு ரூபாய் தப்பாக வாங்கியதில்லை என்று பேசினேன். கைதட்டினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே குற்றச்சாட்டுக் குறிப்பாணை. துணை வட்டாட்சியராக இருந்தபோது வேங்கிக்காலில் ஒருவருடைய மனைக்கு இன்னொருவர் பெயரில் பட்டா மாற்ற ஒப்புதல் கொடுத்தார், அதற்குக் கை நீட்டி வாங்கினார் என்று பெயர் போடாத புகார். விசாரணை முடியும் வரை முழு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது. தற்காலிகமாக ஒரு தொகை மட்டும் வரும்.

"நான் வாங்கலை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மொட்டைக் கடுதாசி போட்டது யார்? விழாவில் வாயெல்லாம் பல்லாக மாலை போட்டவரா? "பென்ஷன் புக் வந்துடுச்சாங்க?" என்று வாசலில் நிறுத்திக் கேட்ட எதிர்வீட்டு அம்மாவா? அந்த அம்மாள் கோலம் போடும்போதுகூடக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் இப்படி ஊரையே சந்தேகப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஊர் முடிந்ததும் வீட்டுக்குள் வந்தேன்.

செங்கம் ரோடு பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஒரு அறை கட்டி, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த அறையைக் கட்டிய வருடமும் பட்டா மாற்றிய வருடமும் ஒன்று. ஜிபிஎஃப் சேமநிதியில் கடன் போட்டதாக அப்போது சொன்னார். நான் காகிதம் எதையும் பார்த்ததில்லை. இது மனதில் பட்ட பிறகு அவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பேன், தூங்கும்போதும் பார்ப்பேன். போன் வந்து அவர் தோட்டத்துப் பக்கம் போனால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் காலை விசாரணைக்காக அவர் கலெக்டர் ஆபீசுக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். விசாரணை அதிகாரி அன்று லீவு. போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கட்டில் முழுக்கக் காகிதம் பரப்பி வைத்திருந்த நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"என்ன தேடுற?"

பொய் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "மாடி ரூம் கட்டுன காசு எங்கிருந்து வந்துச்சுனு தேடறேன்."

அவர் குனிந்து, கீழ்த்தட்டில் இருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஜிபிஎஃப் கடன் உத்தரவு. தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப அந்தப் பட்டாவுக்கு ஒப்புதல் குடுத்தது யாருங்க?"

"என் கையெழுத்துதான். பென்டிரைவ் மாதிரி ஒண்ணு இருக்குமே, டிஜிட்டல் கையெழுத்து, அதைக் கம்ப்யூட்டர்ல சொருவுனாதான் ஒப்புதல் ஆவும். கார்த்திகை தீபத்துக்கு டூட்டி போட்டப்ப, வேலை நிக்கக் கூடாதேனு அதை ஆபரேட்டர் கிட்ட குடுத்துட்டுப் போனேன். பாஸ்வேர்டும் சொல்லிட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் செய்வோம். அந்த நேரத்துல இந்தப் பட்டாவையும் உள்ள தள்ளிட்டாங்க."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லலைங்க?"

"வாங்கலைனு சொன்னேனே. உனக்கு அது போதும்னு நெனச்சேன்."

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். கட்டிலில் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி அவரே உள்ளே வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல விடு" என்றார்.

விசாரணை இன்னும் முடியவில்லை. கவனக்குறைவுக்கு ஏதாவது தண்டனை இருக்கும், லஞ்சப் புகார் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். பென்ஷன் என்றாவது வந்துவிடும். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கீரை வாங்கப் போய்விட்டு வந்தால்கூட வாசலில் நின்றபடி சொல்கிறார்: "தேரடித் தெரு வரைக்கும் போயிட்டு வந்தேன். நம்ம பால்காரர் பார்த்தாரு. வேணும்னா கேட்டுக்கோ."

நான் கேட்பதில்லை. "உள்ள வாங்க" என்கிறேன். யார் யார் பார்த்தார்கள் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றுகிறார்.