பொத்தானில் சொருகிய குச்சி

டாக்டரம்மா எங்கே படித்தார் என்பதை ஆஸ்பத்திரி வாசல் பலகை சொல்லும். எலும்பு அறுவையில் பட்டம், கைக்கென்று தனிப் படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி. அவர் உண்மையில் தொழில் கற்றது தகரப் பட்டறைகள் நசுக்கி அனுப்பிய கைகளில். அதை மட்டும் பலகையில் எழுதவில்லை. ஊர் அவரைக் கைராசிக்காரர் என்கிறது. ராசியாவது மண்ணாவது! இராப்பகலாய் உழைத்துக் கற்ற வித்தையைக் கிரகத்தின் கணக்கில் எழுதினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விரலின் தசைநாண் அறுந்து வருகிறவர்களுக்கு அவர் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கையை மட்டும் மரக்க வைப்பார். தைத்ததும் ஆளையே மடக்கிக் காட்டச் சொல்வார். தையல் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தகரப் பட்டறையில் தகடு அழுத்தும் அச்சு இயந்திரத்தில் வலது கையைக் கொடுத்த தொழிலாளியிடமும் அப்படித்தான் சொன்னார்.

"மடக்குங்க அண்ணே."

விரல்கள் மெல்ல மடங்கின.

"என் பொண்டாட்டி சொல்லிக்கூட நான் இப்படிக் கேட்டதில்ல டாக்டரம்மா. வேலைக்குப் போயிடலாம்ல? போகலைன்னா அடுப்பு எரியாது."

"போகலாம். ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினாத்தானே அச்சு இறங்கும்? அப்புறம் எப்படிக் கை உள்ள போச்சு?"

"ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கட்டும்னு குச்சியச் சொருகி வச்சிருக்காங்க. ஒரு கை அமுக்கும், ஒரு கை தகடு வைக்கும். வேகமா ஓடணும்ல."

மாலையில் முதலாளி பழக்கூடையோடு வந்தார்.

"பாவம், அவன் தலையெழுத்து."

"தலையெழுத்து இல்லைங்க, குச்சி. அதை எடுத்துடுங்க."

"நீங்க கையப் பாருங்க டாக்டர். மெஷின நான் பாத்துக்கறேன்."

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு டாக்டரம்மா புகார் கொடுத்தார். அதிகாரி வந்த அன்று குச்சி இல்லை. மறுநாள் இருந்தது.

மழைக்காலம் முடியும்முன் அதே மனிதரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். இப்போது இடது கை.

"கை நல்லாயிடுச்சுன்னு அதே மெஷின்லயே போட்டாங்கம்மா. வலது கை தகடு வைக்கக் கொஞ்சம் சுணங்குச்சு. அதான் அதால பொத்தான அமுக்கிட்டு, இதால தகடு வச்சேன்."

டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்தார். மடக்கச் சொல்ல அங்கே விரல்கள் இல்லை.