கூறு போட்ட புத்தகம்

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாளே எனக்கு இரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற பாடப்புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவள், கூடவே ஒரு துண்டுத்தாளையும் கொண்டுவந்தாள். இவற்றையும் வாங்கவும் என்று அதில் எழுதியிருந்தது. பாடத்துக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், அந்தப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாதிரி வினாத்தாள் தொகுப்பு. பதுளைக் கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பினேன். நம் நாட்டில் கல்வி இலவசம்தான். படிப்பதற்குத்தான் காசு.

அன்று முழுக்க வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. ஒருத்தி பீடிஎப் அனுப்புகிறேன், போனில் படிக்கட்டும் என்றாள். போனில் என்ன படிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொருத்தி போட்டோ கொப்பி எடுக்கலாம் என்றாள். மூன்றாமவள், "மூணு வீட்டுக்கு ஒரு செட் வாங்கிப் பங்கு போட்டுக்குவோமே" என்று எழுதினாள். பங்கு என்ற சொல்லைக் கண்டதும் என் விரல் தானாக ஓடியது. "வேணாங்க. எங்க வீட்டுல ஒருக்கா போட்டுப் பாத்தாச்சு" என்று எழுதினேன். என்ன ஏது என்று கேட்டார்கள். பாதியைச் சொன்னேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. மீதியைச் சொல்ல மனம் வரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. அந்த வருடம் தோட்டத்திலிருந்து மூன்று பேர் சாதாரண தரம் பாஸாகி, உயர்தரத்தில் உயிரியல் படிக்கப் பதுளைக்குப் போனார்கள். ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி மேட்டு லயத்து அக்கா. மூன்றாவது பணிய லயத்து அண்ணன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; பணிய என்றால் எங்கள் பக்கத்தில் கீழே என்று அர்த்தம். ஆக, மலையில் மேலே ஒருத்தி, கீழே ஒருவன், நடுவில் நாங்கள். கோயில் திருவிழாவில் மூவருக்கும் மாலை போட்டு, "நம்ம தோட்டத்துக்கு மூணு டொக்டரு வரப்போறாங்க" என்று மைக்கில் சொன்னார்கள். அம்மா அன்று அழுத அழுகையில் புதுச் சேலையின் முந்தானை நனைந்துபோனது.

மாலை வாடுவதற்குள் புத்தகப் பிரச்சினை வந்துவிட்டது. பதினோராம் வகுப்பு வரை ஊட்டி வளர்த்த அரசாங்கம், பன்னிரண்டாம் வகுப்பு வாசலில் கையை உதறிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உயர்தரத்துக்கு இலவசப் புத்தகம் கிடையாது. உயிரியலுக்குத் தமிழில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு தடித்த புத்தகம். அதை வாங்க அம்மா பத்து நாள் கொழுந்து பறிக்க வேண்டும், அந்தப் பத்து நாளும் நாங்கள் ஒன்றும் தின்னாமல் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. இருந்தது என்றால், கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தால் பழுதாகிவிடுமாம். அக்கா தினமும் போய்க் கண்ணாடி வழியாக அதன் முதுகைப் பார்த்துவிட்டு வருவாள். போட்டோ கொப்பி எடுக்கலாம் என்று பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நாநாவின் கடைக்குப் போனார்கள். அவர் நல்ல மனுஷன். பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "கொப்பி அடிச்சா புத்தகத்த விடக் கூட வரும் மகள், காசக் கரியாக்காதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியில் மூன்று வீட்டு அம்மாக்களும் சேர்ந்து பணம் போட்டார்கள். சம்பளம் வாங்கிய மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் புத்தகத்தோடு வந்தார்கள். வரும் வழியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்களாம். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் வாரம் யார் வீட்டில் வைப்பது என்பதில் தகராறு தொடங்கியது. மூன்றாவதாக வருகிற பிள்ளை பரீட்சை முடிந்த பிறகா படிக்கும் என்று மேட்டு லயத்தம்மா கேட்டார். முதலில் வாங்குகிறவர்கள் திருப்பித் தருவார்களா என்று பணிய லயத்தம்மா கேட்டார். மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்றால், ஒரே அறையான பத்தடி காம்பராவில் வயசுக்கு வந்த பிள்ளைகளையும் ஒரு பையனையும் எப்படி உட்கார வைப்பது என்று எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். அப்போதுதான் மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தோட்டத்தில் அவருக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கினால், அதைக் கூறு போடுவது மாமாதான். தராசு தேவையில்லை. முன்னந்தொடை, பின்னந்தொடை, எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்கும். கூறு வைத்த பிறகு ஒரு குழந்தையை முதுகு காட்டி நிற்க வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்பார். குழந்தை சொல்கிற வீட்டுக்கு அந்தக் கூறு. மாமா போட்ட கூறில் குறை சொன்னவர் அதுவரை யாரும் இல்லை.

"இதுக்கு எதுக்குக்கா சண்ட? கூறு போட்டுருவோம்" என்றார் மாமா.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. படிக்கிற மூன்று பேரும் டியூசனுக்குப் பதுளைக்குப் போயிருந்தார்கள். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். புத்தகம் என்றால் என்ன என்று தெரிந்த மூன்று பேரும் மலைக்குக் கீழே இருக்க, தெரியாத நாங்கள் எல்லாரும் மேலே சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாமா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகத் தைத்த கட்டுகளால் ஆனது. ஒரு தாள்கூடக் கிழியாமல் முதுகை அறுத்து, கட்டுக் கட்டாகப் பிரித்து எடுத்தார். அந்தக் கைத்திறனை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமாவின் நியாயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "முன்பக்கம் லேசு, பின்பக்கந்தான் கஷ்டமாம். ஒரு வீட்டுக்கு முழுக்க லேசு, இன்னொரு வீட்டுக்கு முழுக்கக் கஷ்டமா போனா பாவம் இல்லையா?" என்று கேட்டார். ஆகவே முதல் கட்டு ஒரு கூறு, இரண்டாவது கட்டு அடுத்த கூறு, மூன்றாவது அதற்கடுத்தது என்று சீட்டுப் போடுகிற மாதிரி சுற்றி வைத்துக்கொண்டே போனார். நடுவில் கலர்ப் படங்கள் இருந்தன. அதுதான் ஈரல். அதையும் எண்ணி மூன்றாகப் பிரித்தார். முன்னட்டை ஒரு கூறுக்கு, பின்னட்டை ஒரு கூறுக்கு. அட்டை கிடைக்காத கூறுக்கு ஈடாகப் பொருளடக்கம். பிறகு என்னை முதுகு காட்டி நிற்க வைத்தார்.

"இது யாருக்கு?"

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மிகப் பெரிய காரியம் செய்கிற பெருமையில் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். தன் கூறைப் பார்த்தாள். பதினாறாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்தொன்பதாம் பக்கம் இருந்தது.

"மாமா, இது ஆடு இல்ல மாமா!"

"ஒரு பக்கம் கூடக் கொறைய இருந்தா சொல்லு தாயி" என்றார் மாமா. அவருக்கு உண்மையாகவே மனது நொந்துவிட்டது.

திரும்பச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். சேர்த்தால் யார் வீட்டில் வைப்பது என்ற பழைய தகராறு வரும் என்று மூன்று அம்மாக்களும் முதல்முறையாக ஒற்றுமையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒற்றுமையின் பலனை அனுபவித்தது நான். யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் ஓடிப்போய் வாங்கி வருவது என் வேலையாகிப்போனது. இதயம் எங்கள் வீட்டில் தொடங்கும். இரத்தம் வெளியேறி மேட்டு லயத்துக்குப் போகும். நுரையீரல் பணிய லயத்தில் இருக்கும். நான் ஓடாவிட்டால் மனிதன் மூச்சுவிட முடியாது.

பொலித்தீன் பையில் கட்டைச் சுற்றிக்கொண்டு மழையிலும் பனிமூட்டத்திலும் ஏறி இறங்குவேன். மேட்டு லயத்துக்கு ஏறுகிற பாதையில் அட்டைக்கடி. பணிய லயத்தில் ஒரு நாய். படிக்கிறது இவர்கள், கடி வாங்குகிறது நானா என்று கத்துவேன். யாரும் காதில் வாங்குவதில்லை. ஒருநாள் மேட்டு லயத்திலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து நின்றால், அக்கா இரண்டு வரி படித்துவிட்டு, "இது இல்ல, இதுக்கு அடுத்தது" என்றாள். கட்டை அவள் மடியில் எறிந்துவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

முதல் தவணைப் பரீட்சையில் மூன்று பேரும் ஒரே கேள்விக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பதில் எழுதியிருந்தார்களாம். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். நீங்கள் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு எழுதுகிறீர்களா என்று உயிரியல் டீச்சர் கேட்டாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் பணிய லயத்து அண்ணன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். பஸ் காசு, டியூசன் காசு என்று தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவனுடைய கூறு எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம். இனி அந்த நாயின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை விடிகாலை. அக்கா முதல் பஸ்ஸுக்கே டியூசனுக்குப் போயிருந்தாள். நான் மலைத்தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மேட்டு லயத்து அக்கா பாதையில் இறங்கி வந்தாள். முதுகில் அவளுடைய அம்மாவின் கொழுந்துக் கூடை இருந்தது. கையில் பொலித்தீன் சுற்றிய கட்டு.

"தங்கச்சி, இது எங்க கூறு. அக்காகிட்ட குடுத்துரு. பக்கமெல்லாம் சரியா இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன்."

"எப்பத் திருப்பித் தரணும்?"

"தர வேணாம். அவளே வச்சுக்கட்டும். நான் பேரு பதிஞ்சிட்டேன்."

தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அதுகூடவா விளங்காது? அவளுடைய அம்மா கொழுந்தோடு சறுக்கி விழுந்து, இடுப்பு எழும்பாமல் படுத்திருப்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அப்ப இனிமே ஒன்னும் கேட்டு அனுப்ப மாட்டீங்கதானே?"

அவள் கட்டை என் கையில் வைத்தாள்.

"மாட்டேன். இனி நீ மேட்டுக்கு ஏறி வர வேணாம்."

"நெசமாவா?"

அந்த இடத்திலேயே குதித்தேன். அவள் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஆளெடுக்கிற பெரட்டுக்களத்துப் பக்கம் போனாள்.

பகல் முழுக்க நான் அசையவில்லை. மூன்று கூறையும் தரையில் பரப்பி, கட்டுக் கட்டாக எண் பார்த்து அடுக்கினேன். மாமா சாக்கு ஊசியும் நூலும் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தார். முன்னட்டையும் பின்னட்டையும் ஒன்றுக்கொன்று மறுபடி பார்த்துக்கொண்டன. பொருளடக்கத்தில் இருந்தது எல்லாம் புத்தகத்திலும் இருந்தது. சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை அவள் கையில் வைத்தேன்.

"முழுசும் நமக்குத்தான். ரெண்டு பேரும் குடுத்துட்டாங்க!"

அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. யார் கொண்டுவந்தது, என்ன சொன்னாள், கூடையோடா வந்தாள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து அதன் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் என்ன எதிர்பார்த்திருந்தேன்? ஒரு முத்தம், குறைந்தது ஒரு டொபி. கால் முழுக்க அட்டைக்கடியோடு அவளுக்காக மலை ஏறி இறங்கியவள் நான். முழுப் புத்தகமும் கைக்கு வந்த பிறகு இந்த அழுகை எதற்கு? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், "இவளுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாதும்மா" என்று சொன்னேன்.