தண்ணீர் வண்டி போன வழியெல்லாம் தீ

நாலாவது தடவை

நான் தீயணைப்பு வேலையில் சேர்ந்த இரண்டாவது கோடை. கடலோரக் குப்பம் ஒன்றுக்கு நாலாவது தடவையாகத் தண்ணீர் வண்டியோடு போகிறோம். முதல் தடவை போனபோது ஜனங்கள் எதிரே ஓடிவந்து, "சாமீ, சீக்கிரம் வாங்க சாமீ" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நாலாவது தடவை ஒருத்தரும் ஓடிவரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். உச்சி வெயிலில் ஒரே ஒரு குடிசை எரிந்துகொண்டிருந்தது. ஓலை வெடிக்கிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு குழந்தை அழ வாயைத் திறந்தது, தாய் அதன் வாயைப் பொத்திவிட்டாள்.

எத்தனையோ தீயைப் பிறகு பார்த்துவிட்டேன். ஜனங்கள் கத்துகிற இடத்தில் எனக்குப் பயம் வராது. சத்தமே போடாத இடத்தில்தான் வரும்.

நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பத்தின் பெயரும் வேண்டாம்; அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். திருப்போரூருக்குக் கிழக்கே, உப்பங்கழியைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே மணலில் ஒரு தெரு. உப்பளத்துக்கும் தோப்புக்கும் கூலிக்குப் போகிற ஜனங்கள். எல்லாம் பனையோலைக் கூரை. அந்தக் கோடையில் திருவிழா டூட்டிக்காக எங்கள் வண்டி திருப்போரூரில் நின்றிருந்தது. அதனால்தான் தீ என்றதும் சீக்கிரமே போய்ச் சேர முடிந்தது. நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம்.

எங்கள் வண்டி

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் பட்டனைத் தட்டினால் வண்டி உறுமுகிறது. எனக்கு மூத்தவர்கள் கைப்பம்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளினவர்கள். நான் வந்தபோது பட்டாளத்து லாரி வந்திருந்தது. யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட லாரி. அதன் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி, முன்னால் ஒரு வெண்கல மணி, பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் பம்ப், அவ்வளவுதான். சிவப்பு பெயின்ட் உரிகிற இடத்தில் பட்டாளத்துப் பச்சை பல்லைக் காட்டும். முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும், சில நாள் அதற்கும் மனசு வராது. பெட்ரோலை விட ஆயிலை அதிகம் குடிக்கும். எஞ்சினுக்குள் கரி அடை அடையாகப் பிடித்திருக்கும்.

டிரைவர் முனுசாமி அண்ணாத்தைக்கு அந்த லாரி என்றால் உயிர். கொண்டவளிடம் கூட அவ்வளவு கொஞ்சிப் பேசியிருக்க மாட்டார். முதல் தடவை குப்பத்துக்குப் போகும்போதே, கழியைக் கடக்கையில் சைலன்சர் தண்ணீரில் முழுகி இரண்டு தடவை வண்டி நடுவிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது தடவை நிற்க அவர் விடவில்லை; அன்று திரும்புவதற்கு முன்பே, குப்பத்தில் வைத்து, ஒரு இரும்புக் குழாயை வளைத்து, சைலன்சரில் மாட்டி, கேபின் இடது பக்கமாக மேலே தூக்கி நிறுத்திக் கம்பியால் கட்டிவிட்டார். புகை கூரைக்கு மேலே போகும், தண்ணீர் உள்ளே வராது.

"கப்பலுக்கே புகைக்கூண்டு மேலதான் கீது. நம்ம வண்டி இன்னா கொறைச்சலா?" என்றார்.

நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். ஸ்டேஷன் ஆபீசர் கூட, "பலே முனுசாமி" என்று முதுகில் தட்டினார்.

கன்னியம்மா

இரண்டாவது தீயிலேயே குப்பத்தில் கிசுகிசு ஆரம்பித்துவிட்டது. தீ வருகிற விதம் அப்படி. நாங்கள் ஒரு வீட்டை அணைத்துவிட்டுப் போவோம். மறுநாள் உச்சிப்பொழுதில், கடற்காற்று திரும்புகிற நேரத்தில், சம்பந்தமே இல்லாத வேறொரு வீட்டுக் கூரை தானாகப் பற்றும். அடுப்பு எரிந்திருக்காது, ஆள் கூட இருந்திருக்காது. திண்டாடிப் போனோம். மூன்றாவது தீக்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் கையில் தாயத்துக் கட்டிக்கொண்டார்கள்.

தெருக்கோடியில் குளத்துப் பக்கம் இருந்த ஒரு குடிசையின் பக்கம் மட்டும் தீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது கன்னியம்மாவின் குடிசை. முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் பனை மரத்திலிருந்து விழுந்து செத்துவிட்டான். அவன் பங்குப் பனைகளைப் புருஷனின் அண்ணன் எடுத்துக்கொண்டான். முதலில் எரிந்தது அந்த அண்ணன் வீடுதான். வயிற்றெரிச்சல் சும்மா விடாது என்று சொல்வார்களே, ஊர் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. வீடு வீடாகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துப் பிழைத்தவள் அவள்; இப்போது அந்தத் தண்ணீரை யாரும் வாங்கவில்லை. அவள் வந்தால் தெருவில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நாலாவது தீயை அணைத்துவிட்டுக் குளத்தில் நான் ஹோஸ் அலசிக்கொண்டிருந்தேன். அவள் சற்றுத் தள்ளி வந்து நின்றாள்.

"சாமி, ஒரு ஆளு மனசால நெனைச்சா தீ புடிக்குமா?"

"இன்னாம்மா கேக்கற?"

"நான் நெனைச்சேன் சாமி. மூத்தாரு வூட்டை நெனைச்சி வயிறெரிஞ்சேன், எரிஞ்சிது. பொறவு தண்ணி வாணாம்னு தொரத்துனாளே ஒருத்தி, அவளை நெனைச்சேன். அவ வூடும் எரிஞ்சிது. இப்ப ராவுல கண்ணை மூடவே பயமா கீது. கனாவுல யாரு வூடு வருமோ."

அவள் பொய் சொல்லவில்லை. ஊர் சொன்னதை ஊரைவிட அவள்தான் அதிகமாக நம்பியிருந்தாள். "போம்மா, போயி கஞ்சி குடி" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று சாயந்திரம் குப்பத்துப் பெரியதனக்காரர் ஏழுமலை ஆபீசரிடம் வந்தார். "நாளைக்கிக் காலைல அவளை அனுப்பிடறோம் சார். இனிமே உங்களுக்குப் பேஜாரு இல்லை" என்றார். எங்கே அனுப்புவார்கள் என்று ஆபீசர் கேட்டார். "எங்கியாவது" என்றார் ஏழுமலை. அதற்குள் அவள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பொடி

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கிளம்பினோம். எப்போதும் வெயில் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம், அன்றுதான் தாமதம். லாரி மணலில் புதைந்தது. முனுசாமி அண்ணாத்தை முதல் கியரில் போட்டு மிதிமிதி என்று மிதிக்கிறார், நாங்கள் பின்னால் தள்ளுகிறோம். மூச்சு வாங்க அண்ணாந்து பார்த்தேன்.

குழாயின் வாயிலிருந்து சிவப்பாகப் பொடி பறந்தது. கரித்துணுக்கு, ஒவ்வொன்றும் கனிந்த நெருப்பு. மேலே எழும்பி, மெதுவாகச் சாய்ந்து, இடது பக்கத்துக் கூரைகளின் ஓலை இடுக்கில் ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது. கூரைக்குக் கீழே திண்ணையில் மனிதர்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடிப்போய்க் கேபின் கதவைத் தட்டினேன்.

"அண்ணாத்த, வண்டிய நிறுத்து! நிறுத்துய்யா!"

பார்த்ததைச் சொன்னதும் அவர் என்னை அடிக்கவே வந்தார். "என் வண்டியையா சொல்ற? தீயணைக்கிற வண்டி தீ வெக்கிதா?" ஒரு காய்ந்த மட்டையைப் பிடுங்கிக் குழாய்க்கு நேரே பிடித்தார். என்னை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். மட்டையில் மூன்று நாலு கறுப்புப் புள்ளி விழுந்தது. புள்ளியின் ஓரம் சிவந்து, அணையாமல், ஓலைக்குள்ளேயே ஊர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மட்டையைக் கீழே போட்டு மிதித்தார்.

முதலில் இடது பக்கக் கூரை முழுவதையும் நனைத்தோம். ஆபீசர் கேபினில் உட்கார்ந்தபடியே எங்களைக் கூப்பிட்டார். "இது வெளியில தெரிஞ்சா எல்லார் தலையும் போகும். குழாயைக் கழட்டிடு முனுசாமி. தீ தானா நின்னுடும். அதோட விடு."

"தீ நின்னுடும் சார்," என்றார் முனுசாமி அண்ணாத்தை. "நாளைக்கு அவளும் பூடுவா. அவ போனா, தீ நின்னுச்சி. அப்புறம் சாவுற வரைக்கும் அவ எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பேரு கூடவே போவும் சார். நீங்க எழுதி மெமோ குடுங்க. நான் சொல்லத்தான் போறேன்."

ஆபீசர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே அனுமதி.

காற்று திரும்பும் வரை

ஏழுமலை நம்பவில்லை. யார் நம்புவார்கள்? "உங்க வண்டியையும் அவ மந்திரத்தால கட்டிட்டா நைனா" என்றார். கூட்டம் ஆமாம் போட்டது.

"செரி," என்றார் முனுசாமி அண்ணாத்தை. "உப்பளத்துத் தெடல்ல பழைய ஓலையைக் குமிச்சிப் போடுங்க. வண்டிய ஓட்டறேன். அப்புறம் நாங்க யாரும் கிட்ட வரமாட்டோம். நீங்களே காவல் இருங்க. அவளை உங்க நடுவுல உக்கார வெச்சிக்கோங்க. நாளைக்கி அது தானா பத்தலைன்னா நீங்க சொன்னதே செரி."

மூங்கில் நட்டுக் கூரை உயரத்துக்கு ஓலை குவித்தார்கள். லாரி அதை ஒட்டி முதல் கியரில் முக்கி முக்கிப் போய் வந்தது. குப்பமே சுற்றி உட்கார்ந்து காவல் இருந்தது. விடிந்தது, வெயில் ஏறியது, ஓலைக் குவியல் அப்படியே கிடந்தது. ஏழுமலை கிட்டப்போய் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

உச்சிப்பொழுதில் காற்று நின்றது. சவுக்குத் தோப்பு அடங்கியது. பிறகு கடல் பக்கத்திலிருந்து முதல் காற்று வந்தது. எல்லாரும் குவியலையே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. காற்று பலத்தது. அப்போதும் இல்லை. முனுசாமி அண்ணாத்தை வாய்க்குள்ளேயே, "பத்து, பத்துடா" என்று முனகினார். தீ பற்றவேண்டும் என்று ஒரு தீயணைப்புக்காரன் வேண்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் வேண்டிக்கொண்டேன்.

கன்னியம்மா எழுந்து மூட்டையை எடுத்தாள். "வாணாம் சாமி. எனக்காவப் பொய் சொல்லாதீங்க. நான் போறேன்."

அப்போதுதான் வாடை வந்தது. கருகல் வாடை. குவியலின் நடுவிலிருந்து நூலாக ஒரு புகை. ஆள் இல்லை, நிழல் கூட இல்லை. காற்று இன்னொரு தரம் தள்ளியது. குவியல் உள்ளேயிருந்து பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆள் உயரத்துக்குத் தீ எழுந்து நின்றது. காரணம் தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முனுசாமி அண்ணாத்தை மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு வூடுடா. பாவி, மூணு வூட்டைக் கொளுத்திட்டேனே" என்று அழுதார். கன்னியம்மா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "அப்ப நான் இல்ல. நான் இல்ல. நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு கிழவி போய் அவள் தோளைத் தொட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று ஹோஸை எடுக்கப் போனேன். ஏழுமலை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வூடு செரி. மூணாவது, நாலாவது, அதுவும் செரி நைனா. மொத வூடு? அது எரிஞ்சப்போ உங்க வண்டி இங்க வந்ததே இல்லியே?"

கிழவியின் கை தோளிலிருந்து எடுபட்டது. மறுபடியும் எல்லார் தலையும் ஒன்றாகக் கன்னியம்மா பக்கம் திரும்பியது. தலைகள் திரும்பின சத்தம் கேட்டது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குக் கேட்டது.

முனுசாமி அண்ணாத்தை கண்ணைத் துடைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "அடுப்புப் பொறி," என்றார். "மொத நாளே நான் பார்த்தேன். அடுப்பு மூலைலேர்ந்துதான் கெளம்பிக் கீது. எத்தினி வருஷமா தீ பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

ஏழுமலை அவர் முகத்தைப் பார்த்து, மடக்கிய விரலை விரித்தார். "அப்ப செரி" என்றார். கூட்டம் கலைந்தது. கன்னியம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் குடிசைக்குள் போனாள்.

குழாயைக் கழற்றிக் கழியில் எறிந்தோம். வண்டி நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது, இறங்கித் தள்ளினோம். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டேன்: "அண்ணாத்த, அடுப்பை நெஜமா பார்த்தியா?"

"எங்கடா பார்த்தேன்? நாம போறதுக்குள்ள வெறும் சாம்பல். அது எப்படிப் புடிச்சிதுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். தள்ளு."

பிறகு புது வண்டிகள் வந்தன, பம்ப் வண்டியிலேயே இருந்தது, நானும் லீடிங் ஃபயர்மேன் ஆகி ரிட்டயரும் ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் தெரியாத தீ நிறைய வரும். அணைத்து முடித்ததும் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஜனங்கள் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்த ஆளை விட்டுவிட்டு வண்டி ஏறாதீர்கள்.