எட்டு வாரக் கணக்கு

பலாங்கொடை மலைத்தோட்டத்துச் செல்லாயி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் நாள் பிசகாமல் சொல்லுவாள். கிளினிக்கில் மருமகள் விஜயலதாவைச் சோதித்த மிட்வைப், "எட்டு வாரம்" என்றதும் செல்லாயி குறுக்கிட்டாள்.

"கொழும்புல இருந்து மகன் வந்துபோயே ஆறு வாரந்தானே மிஸ்?"

மருமகளின் முகம் செத்துப்போனது.

"புருஷன் வந்த நாள எண்ணுறதில்லம்மா. கரு தங்கின நாள் சரியாத் தெரியாதே. கடைசியாத் தூரமான மொத நாள்ல இருந்துதான் எண்ணுவோம். ரெண்டு வாரம் கூடத்தான் வரும். அந்த நாள இவங்க சொன்னாங்க. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா, அது என்னைக்குன்னு?"

செல்லாயிக்குச் சட்டென்று நினைவு வந்தது. மாரியம்மன் திருவிழாவன்று, "நீ தூரம், கோயில் பக்கம் வராதே" என்று மருமகளை வீட்டிலேயே நிறுத்தியவள் அவள்தான். விரல்விட்டு எண்ணினாள். சரியாக எட்டு வாரம்.

"திருவிழா அன்னைக்கு மிஸ்."

"நல்லவேளை, ஒங்களுக்கே ஞாபகம் இருந்துச்சு மாமி" என்றாள் விஜயலதா.

செல்லாயியால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.