வீட்டுக்காரம்மாவின் மொட்டைமாடி

கொரோனா ஊரடங்கு வந்தபோது நாங்கள் வேங்கிக்காலில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். மாத்திரையோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும் என்பது டாக்டர் உத்தரவு. கிரிவலப் பாதையில் நடப்பேன். ஊரடங்கு வந்ததும் அங்கே போலீஸ்காரர் ஒருவர் என்னைத் திருப்பி அனுப்பினார். மறுநாளிலிருந்து மொட்டைமாடிக்குப் போனேன்.

கீழே நானும் மனைவியும். மாடி வீட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். தண்ணி மோட்டார் போடுகிற விஷயத்தில் எங்களுக்குள் ஏற்கெனவே ஆகாது. இப்போது நான் அவர் தலைக்கு மேலேயே நடக்கிறேன். இரண்டாம் நாளே படிக்கட்டில் வழிமறித்தார்.

"செருப்புச் சத்தம் மண்டையில இடிக்குது. வெறுங்காலோட நடக்கறதுன்னா நடங்க. இல்லன்னா மாடியைப் பூட்டிடுவேன்."

சர்க்கரைக்காரன் வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை அந்தம்மாவிடம் சொல்லிக் கெஞ்ச எனக்கு மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேண்டுமென்றே குதிகாலை ஓங்கி ஓங்கி வைத்து நடந்தேன். சாயங்காலமும் தரை கொதித்தது. எனக்குச் சுடவே இல்லை. அதில் ஒரு பெருமை வேறு.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கதவைத் தட்டினார்.

"மொட்டைமாடித் தரையில ரத்தமா இருக்குது. வந்து கழுவிட்டுப் போங்க."

பூனை எதையாவது இழுத்துக்கொண்டு போயிருக்கும், எதற்கெடுத்தாலும் குடித்தனக்காரன்தானா என்று கத்தினேன். அவர் நகரவில்லை. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அவர் மூக்கை உடைக்கத்தான் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கினேன். என் மனைவி குனிந்து பார்த்தாள்.

கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். நடுவில் கண்ணாடிச் சில் புதைந்திருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, துளி வலி இல்லை. சர்க்கரையில் பாதம் அவ்வளவு மரத்துப்போயிருந்தது.

கிளினிக் மூடியிருந்தது. போனில் டாக்டர் கண்டபடி திட்டினார். பிறகு எனக்காகக் கிளினிக்கைத் திறந்து, தனியாக வரச் சொல்லிச் சில்லை எடுத்தார். விரல் பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார். இரண்டு மாசம் மனைவிதான் தினமும் கட்டுப் போட்டாள். கோபத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். வீட்டுக்காரம்மா தரையை அவரே கழுவி, மாடியைப் பூட்டினார். எப்போது காலி பண்ணுவீர்கள் என்று மட்டும் அவ்வப்போது கேட்பார்.

விரல் பிழைத்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அடி அண்ணாமலைக்கு வீடு மாறினோம். மனைவி சாவி கொடுக்கப் போனாள். நான் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் மனைவி சொன்னாள், "அந்தம்மா பாக்கலன்னா காலே போயிருக்கும்."

"வெறுங்காலோட நடக்கச் சொன்னதே அவங்கதானே?"

"நடந்தது யாரு?" என்றாள்.